எல்டிஓ போட்டால் பைதான் பில்டு ஏன் உடைகிறது? பாலக்கோட்டுத் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டது சுருக்கமாக இது: "அண்ணா, சிபைதானை (சியில் எழுதிய வழக்கமான பைதான்) மூலத்திலிருந்து நானே பில்டு செய்கிறேன். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப், லினக்ஸ், ஜிசிசி கம்பைலர். எல்டிஓ (லிங்க் டைம் ஆப்டிமைசேஷன்) போட்டால் வேகம் கூடும் என்றார்கள், அதனால் கம்பைலர் ஃபிளாக்குகளை வைக்கும் சிஃபிளாக்ஸ் மாறியில் எஃப்எல்டிஓ சேர்த்தேன். முதலில் கான்ஃபிகரே (பில்டுக்கு முன் மெஷினைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட்) நின்றது. அதைத் தாண்டினால் டாட் ஓ கோப்புகளை ஆர்க்கைவாகக் கட்டும் ஏஆர் கருவி ஏதோ பிளக்இன் கேட்டது. அதையும் தாண்டினால் கடைசி லிங்க்கில் 'கில்டு' என்று ஒரே ஒரு வரி வந்து செத்துவிட்டது. ஒருமுறை எப்படியோ முடிந்தது, ஆனால் நான் சியில் எழுதிய எக்ஸ்டென்ஷன் செக்ஃபால்ட் ஆகிறது (தப்பான நினைவகத்தைத் தொட்டு விழுகிறது). எல்டிஓ இல்லாமல் ஒழுங்காக ஓடுகிறது. எல்டிஓவிலேயே பக் இருக்கிறதா, விட்டுவிடவா?"

விட வேண்டாம் தம்பி. எல்டிஓவில் பக்கே கிடையாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலும் கோளாறு நம் பக்கம்தான் இருக்கும். உன் கேள்வியில் இருப்பதும் ஒரு சிக்கல் இல்லை, நான்கு. கான்ஃபிகரில் நிற்பது, ஆர்க்கைவில் திணறுவது, லிங்க்கில் சாவது, ஓடும்போது விழுவது, நான்கும் வேறு வேறு வியாதி. எந்தக் கட்டத்தில் உடைந்தது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை தேடினால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் கிடைக்காது. (ஃபிளாக் பெயர்களை வாயால் சொல்கிறபடியே எழுதுகிறேன், டெர்மினலில் அடிக்கும்போது நீ ஆங்கிலத்தில் அடித்துக்கொள்.)

முதலில் எல்டிஓ என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு சி கோப்பும் தனியாகக் கம்பைல் ஆகி ஒரு டாட் ஓ கோப்பாகும், அவற்றை ஒரே ப்ரோகிராமாக இணைப்பதுதான் லிங்க். சாதாரண பில்டில் ஒவ்வொரு சி கோப்பும் வரப்பு போட்ட தனி வயல். கம்பைலர் ஒரு வயலை உழும்போது பக்கத்து வயலில் என்ன விதைத்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது, அங்கிருக்கும் ஃபங்ஷன் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டு பத்திரமாக நடந்துகொள்ளும். எல்டிஓ போட்டால் வரப்பை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு மொத்தத்தையும் ஒரே வயலாக உழும். உழவு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் யாராவது வரப்பின் மேல் கல் நட்டு வைத்திருந்தாலோ, வரப்பை நம்பித் தண்ணீரை மறித்திருந்தாலோ அது போச்சு. மொழி ரன்டைம்களில் (பைதான் மாதிரி ஒரு மொழியை ஓட்டும் ப்ரோகிராம்களில்) இப்படி வரப்பை நம்பி எழுதிய கோடு மற்ற ப்ரோகிராம்களைவிட அதிகம். ஸ்டாக்கைத் துழாவும் கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் பகுதி), நடுவில் செருகிய அசெம்பிளி, ஒரு ரெஜிஸ்டரை விடாமல் பிடித்து வைத்திருக்கும் இன்டர்பிரெட்டர் லூப், ஒரே நினைவகத்தை இரண்டு விதமான ஸ்ட்ரக்ட்டாகப் பார்க்கும் ஆப்ஜெக்ட் ஹெட்டர் என்று வரிசையாகச் சொல்லலாம்.

ஜிசிசியில் எல்டிஓ வந்தது 2010இல், 4.5ஆம் பதிப்பில். எல்டிஓ போட்டுக் கம்பைல் செய்தால் டாட் ஓ கோப்புக்குள் கம்பைலரின் இடைநிலை வடிவம் போய் உட்காரும். 4.9ஆம் பதிப்பிலிருந்து வழக்கமாக அது மட்டும்தான் இருக்கும், மெஷின் கோடு இருக்காது. மாங்காய் மண்டியில் பெட்டி வந்து இறங்குகிறது, மேலே மாம்பழம் என்று எழுதியிருக்கிறது, திறந்தால் எல்லாம் காய். பழுப்பது லிங்க் நேரத்தில்தான். இது தெரியாத எந்தக் கருவி பெட்டியைத் திறந்தாலும் குழம்பத்தான் செய்யும், உன் முதல் இரண்டு சிக்கலும் அதுதான்.

கான்ஃபிகர் விஷயம். உனக்கு வந்த எரர் ஃப்ளோட் எண்களின் வேர்ட் ஆர்டரிங் தெரியவில்லை என்பதாக இருக்கும் என்று நினைக்கிறேன், எல்டிஓவைக் கையால் சேர்த்தவர்கள் வழக்கமாக முட்டிக்கொள்ளும் இடம் அது. அந்தச் சோதனை நடக்கிற விதம் வேடிக்கையானது. எட்டு பைட்டையும் எழுத்தாகப் படித்தால் 'நூன்சீஸ்' என்று வருகிற ஒரு டபுள் எண்ணை ஒரு குட்டி ப்ரோகிராமில் வைத்துக் கம்பைல் செய்வார்கள், பிறகு வந்த கோப்பில் அந்த எழுத்துகளை கிரெப்பால் தேடுவார்கள். 'நூன்சீஸ்' கிடைத்தால் ஒரு வரிசை, 'சீஸ்நூன்' கிடைத்தால் மற்றது. எல்டிஓ கோப்பில் எண் இடைநிலை வடிவத்துக்குள் சுருக்கிக் கட்டிக் கிடக்கிறது, கிரெப்புக்கு இரண்டுமே கண்ணில் படாது. நீ அந்தச் சோதனையின் பதிலை வைக்கிற கேஷ் மாறியைக் கையால் நிரப்பி இதைத் தாண்டியிருப்பாய், இன்டெல் மெஷினுக்கு 'நோ' என்று கொடுப்பது சரியான பதில்தான். ஆனால் இந்த ஒரு சோதனை சத்தம் போட்டு நின்றது, அது நல்லது. சத்தம் போடாமல் தப்பாகப் பதில் சொல்லிவிட்டுப் போகிற சோதனைகள்தான் ஆபத்து. லிப்டூல் என்ற பில்டு கருவி வைத்துக் கட்டும் ரன்டைம்களில், சிம்பல்களை (ஃபங்ஷன், மாறிகளின் பெயர்களை) பட்டியலிடும் என்எம் கருவியின் வெளியீட்டைப் படிக்கிற சோதனை தோற்றாலும் கான்ஃபிகர் பாட்டுக்கு முன்னே போய்விடும், அதன் விளைவு எங்கோ முப்பது நிமிடம் கழித்துத் தெரியும்.

அதனால் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்: எல்டிஓவை சிஃபிளாக்ஸில் நீயாகத் திணிக்காதே, ரன்டைமே அதற்கென்று ஒரு வழி வைத்திருந்தால் அதன் வழியாகப் போ. சிபைதானில் 3.6இலிருந்தே 'வித் எல்டிஓ' என்று ஒரு கான்ஃபிகர் விருப்பம் இருக்கிறது. எல்எல்விஎம்மின் கம்பைலரான கிளாங்கோடு தின் எல்டிஓ (எல்டிஓவின் இலகுவான வகை) வேண்டுமென்றால் 3.11இலிருந்து 'வித் எல்டிஓ ஈக்குவல் தின்' என்று கொடுக்கலாம், 3.12இலிருந்து கிளாங் ஏற்றுக்கொண்டால் அதுவே தின்னைத்தான் எடுக்கும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, உன் நான்காவது சிக்கலுக்கு அது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. நீ சிஃபிளாக்ஸில் கொடுத்தது எல்லாம் பில்டு அமைப்புகளை வைத்திருக்கும் பைதானின் சிஸ்கான்ஃபிக்கில் பதிந்துவிடும். நாளைக்கு நீ பிப் வைத்து ஒரு எக்ஸ்டென்ஷனைக் கட்டினால் அதே ஃபிளாக் அங்கேயும் போகும். நீ கேட்காமலேயே உன் எக்ஸ்டென்ஷனும் எல்டிஓவில் கட்டப்பட்டிருக்கிறது! விருப்பத்தின் வழியாகக் கொடுத்தால் அது 'நோடிஸ்ட்' என்று முடிகிற தனி மாறிக்குள் போகும், பைதான் பில்டோடு நின்றுவிடும், எக்ஸ்டென்ஷன்களுக்கு ஒட்டாது. பைதான்3-கான்ஃபிக் கருவியில் சிஃபிளாக்ஸ் கேட்டுப் பார், எல்டிஓ அங்கே தலை காட்டினால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது.

அடுத்து ஏஆர். "எல்டிஓ ஆப்ஜெக்டைக் கையாள பிளக்இன் தேவை" என்று அது சொன்னதே, சாதாரண ஏஆருக்கும், ஆர்க்கைவுக்குச் சிம்பல் அட்டவணை போடும் ரேன்லிபுக்கும் காய்ப் பெட்டியைப் படிக்கத் தெரியாது, ஜிசிசியின் பிளக்இன் வேண்டும். டிஸ்ட்ரோவோடு வந்த ஜிசிசி என்றால் பெரும்பாலும் பிளக்இன் பின்யூட்டில்ஸ் (ஏஆர், என்எம் எல்லாம் வருகிற தொகுப்பு) தேடுகிற இடத்திலேயே போடப்பட்டிருக்கும், பிரச்சினை தெரியாது. உனக்கு வந்திருக்கிறது என்றால் நீ புது ஜிசிசியைத் தனியாக நிறுவியிருக்க வேண்டும், இல்லையா? கவனி, அது எரர் மாதிரி தெரிந்தாலும் பல நேரம் ஆர்க்கைவ் உருவாகிவிடும், உள்ளே சிம்பல் அட்டவணை மட்டும் காலியாக இருக்கும். பிறகு லிங்க்கில் "இந்த ஃபங்ஷன் எங்கே" என்று நூறு வரி வரும், எல்லோரும் அந்த நூறு வரியைத்தான் கூகுளில் தேடுவார்கள். மருந்து எளிது: ஏஆர், என்எம், ரேன்லிப் மூன்றுக்கும் பதிலாக ஜிசிசி-ஏஆர், ஜிசிசி-என்எம், ஜிசிசி-ரேன்லிப் என்று கான்ஃபிகருக்குச் சொல். கிளாங் என்றால் எல்எல்விஎம்-ஏஆர் வகையறா. மூன்றையும் ஒரே கம்பைலரின் குடும்பத்திலிருந்து எடு, கலக்காதே. எல்எல்டி லிங்கருக்கு எல்எல்விஎம் பிட்கோடுதான் படிக்கத் தெரியும், ஜிசிசி தந்த எல்டிஓ கோப்பைக் கொடுத்தால் விழிக்கும். மோல்டு லிங்கர் என்றால் பிளக்இன் வழியாக இரண்டையும் சமாளிக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு எரர், "பைட்கோடு ஸ்ட்ரீம் வேறு எல்டிஓ பதிப்பில் உருவானது" என்று வரும். ஒரு ஜிசிசி பதிப்பு எழுதிய இடைநிலை வடிவத்தை அடுத்த பெரிய பதிப்பு படிக்காது. அப்டேட் போட்டபின் பழைய டாட் ஓ கோப்புகள் மிச்சம் இருந்தாலும், யாரோ கொடுத்த ஸ்டேட்டிக் லைப்ரரியை இழுத்தாலும் இது வரும். டிஸ்ட்கிளீன் செய்துவிட்டு (பழைய பில்டையும் கான்ஃபிகர் முடிவுகளையும் துடைப்பது) முதலிலிருந்து ஆரம்பி. இந்தத் தொல்லைக்காகத்தான் சிபைதான் ஜிசிசிக்கு ஃபேட் எல்டிஓ ஆப்ஜெக்ட்ஸ் என்ற ஃபிளாக்கைச் சேர்க்கிறது, அதில் காயும் பழமும் இரண்டுமே ஒரே பெட்டியில் இருக்கும். கம்பைல் நேரமும் கோப்பின் அளவும் கூடும்தான், ஆனால் லிப்பைதானை வேறு ஒருவர் வேறு கம்பைலரில் இணைத்தாலும் வேலை நடக்கும்.

மூன்றாவது, அந்தக் 'கில்டு'. கெர்னலின் லாகைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) அடித்துப் பார், கெர்னல் நினைவகம் போதாமல் எல்டிஓ1 என்ற ப்ராசஸைக் கொன்றதாக எழுதியிருக்கும். ஜிசிசி லிங்க் நேரத்தில் முதலில் மொத்தக் கோடையும் சேர்த்து ஆராய்ந்து, பிறகு துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனி எல்டிஓ1 ப்ராசஸில் கம்பைல் செய்யும். எஃப்எல்டிஓ ஈக்குவல் ஆட்டோ என்று கொடுத்திருந்தால் உன் மெஷினில் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடும், எல்லாம் சேர்ந்து ராமைத் தின்னும். ஈக்குவல் 2 என்று குறை. பழைய சில சிபைதான் பதிப்புகள் தாங்களாகவே பார்ட்டிஷன் நன் என்று கேட்கும், அப்போது துண்டே போடாமல் ஒரே ப்ராசஸ் மொத்தத்தையும் தூக்கிச் சுமக்கும், அங்கே கோரைக் குறைத்து லாபமில்லை, ஸ்வாப்தான் (ராம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) வேண்டும். 8 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்று போட்டுக்கொள், மெதுவாக நடந்தாலும் முடியும். டெம்ப் டைரக்டரி ராமிலேயே மவுண்ட் ஆகியிருந்தால் அதுவும் ஒரு கண்ணி: லிங்க்கின் தற்காலிகக் கோப்புகள் அங்கேதான் விழும், ராமை அதுவும் அடைத்துக்கொள்ளும், டிஎம்பிடிர் மாறியை டிஸ்க்குக்குத் திருப்பிவிடு. 'எனேபிள் ஆப்டிமைசேஷன்ஸ்' இப்போதைக்கு வேண்டாம். அது ப்ரொஃபைல் எடுக்க ஒரு முறை, எடுத்ததைப் பயன்படுத்த ஒரு முறை என்று இரண்டு தடவை கட்டும், நடுவில் டெஸ்ட்டுகளை வேறு ஓட்டும். எல்டிஓ மட்டும் ஒழுங்காக வந்தபிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது எல்லாம் தலைவலிதானே ஒழிய நோய் இல்லை. கட்டி முடிந்து ஓடும்போது விழுகிறதே, அதுதான் நிஜமான விஷயம்.

என் கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தேன், தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ். அங்கே மெஷின்களுக்கு நிரல் எழுத அவர்களே செய்த ஒரு குட்டி ஸ்கிரிப்ட் மொழி, சுமார் நாற்பது சி கோப்பு. கார்பேஜ் கலெக்டர் ஸ்டாக்கைத் துழாவி, பாயிண்டர் மாதிரி தெரிகிற எதையும் உயிரோடு வைத்திருக்கும் வகை. போர்டில் ஃபிளாஷ் இடம் போதவில்லை, எல்டிஓ போட்டால் சைஸ் குறையுமே என்று போட்டேன். குறைந்தது. டெஸ்ட் எல்லாம் பாஸ். ராத்திரி ஷிஃப்டில் மெஷின் நின்றுவிட்டது என்று போன். டீபக் பில்டில் வரவில்லை, ஆப்டிமைசேஷனே இல்லாத ஓஜீரோவில் வரவில்லை, ஜிடிபி டீபக்கர் போட்டால் வரவில்லை.

எந்தக் கோப்பு காரணம் என்று பார்க்க எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன், பாதிக் கோப்புகளுக்கு எல்டிஓ, பாதிக்கு நோ எல்டிஓ. ஜிசிசி அப்படிக் கலந்து லிங்க் செய்ய அனுமதிக்கும், அதில் தப்பில்லை. முதல் பாதிக்கு மட்டும் எல்டிஓ, க்ராஷ் இல்லை. இரண்டாம் பாதிக்கு மட்டும், அப்போதும் க்ராஷ் இல்லை. இரண்டு நாள் மண்டை காய்ந்தது. சாயங்காலம் பஸ்ஸில் சூளகிரி தாண்டும்போதுதான் உறைத்தது: வரப்பு என்றால் இரண்டு வயலுக்கு நடுவில் இருப்பது. இந்தக் கோளாறு ஒரு கோப்பில் இல்லை, ஒரு ஜோடியில் இருக்கிறது. ஜோடியைப் பிரித்து இரண்டு பாதியில் ஆளுக்கு ஒன்றாகப் போட்டால் இரண்டு பாதியும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும்.

அதனால் முறையை மாற்றினேன், உனக்கும் இதையே சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் எல்டிஓ போட்டு க்ராஷ் ஆகிற நிலையிலிருந்து ஆரம்பி. பத்துக் கோப்புக்கு எல்டிஓவை எடு. இன்னும் க்ராஷ் ஆனால் அந்தப் பத்தும் நிரபராதி, அப்படியே விட்டுவிடு, அடுத்த பத்துக்குப் போ. க்ராஷ் நின்றுவிட்டால் அந்தப் பத்துக்கும் எல்டிஓவைத் திருப்பிக் கொடு, அதில் யாரோ ஒருவன் தேவைப்படுகிறான் என்று குறித்துக்கொள். இப்படி ஒரு சுற்று முடித்துவிட்டு, மிஞ்சியவர்களை ஐந்தைந்தாக, பிறகு இரண்டிரண்டாக, கடைசியில் ஒவ்வொன்றாகச் சலி. எனக்குக் கடைசியில் இரண்டு கோப்பு மிஞ்சியது, மெயின் இருக்கிற கோப்பும், இன்டர்பிரெட்டரின் 'ரன்' ஃபங்ஷன் இருக்கிற கோப்பும்.

அங்கே என்ன நடந்தது என்றால், மெயினில் ஒரு லோக்கல் மாறியின் முகவரியை எடுத்து, "ஸ்டாக்கின் அடி இதுதான், இதற்குக் கீழே இருப்பதை எல்லாம் துழாவு" என்று கலெக்டருக்குக் கொடுத்திருந்தார்கள். அதன்பின் மெயின் 'ரன்'னைக் கூப்பிடும். எல்டிஓ இல்லாதபோது 'ரன்'னின் ஃப்ரேம் (ஸ்டாக்கில் அதன் லோக்கல் மாறிகள் இருக்கும் இடம்) எப்போதும் அந்த முகவரிக்குக் கீழேதான் விழும், ஏனென்றால் அது வேறு கோப்பு, இன்லைன் ஆக, அதாவது கூப்பிடும் ஃபங்ஷனுக்குள்ளேயே கலந்துவிட, வழியே இல்லை. எல்டிஓ வந்ததும் ஒரே ஒரு இடத்திலிருந்து கூப்பிடப்படும் 'ரன்' மெயினுக்குள் இன்லைன் ஆகிவிட்டது. இரண்டின் லோக்கல் மாறிகளும் ஒரே ஃப்ரேமில், கம்பைலருக்குப் பிடித்த வரிசையில். 'ரன்'னின் சில மாறிகள் அந்த அடி முகவரிக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டன. கலெக்டர் அவற்றைப் பார்க்கவே இல்லை, உயிரோடிருந்த ஆப்ஜெக்டைக் குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டது. 'ரன்'னுக்கு நோஇன்லைன் அட்ரிபியூட் போட்டோம், நின்றது. பிறகு ஸ்டாக்கின் எல்லையைப் பித்ரெட் என்ற த்ரெட் லைப்ரரியிடமே கேட்டு வாங்குகிற மாதிரி சரியாக மாற்றினோம். யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதியதில்லை, "வேறு கோப்பில் இருக்கிறது, பத்திரம்" என்று எங்கேயும் எழுதி வைக்காத ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான்.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. ஸ்டாக்கைத் துழாவும் கலெக்டர் உள்ள ரூபியில் எக்ஸ்டென்ஷன் எழுதினால் ஆர்பி ஜிசி கார்டு என்ற மேக்ரோ தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஸ்ட்ரிங் ஆப்ஜெக்டின் உள் பாயிண்டரை எடுத்துக்கொண்டு ஆப்ஜெக்டையே மறந்துவிட்டால், கம்பைலர் அந்த ஆப்ஜெக்டின் முகவரியை ஸ்டாக்கில் வைத்திருக்கத் தேவையில்லை என்று முடிவு செய்துவிடும். எல்டிஓ இல்லாமலும் இது நடக்கலாம், எல்டிஓவோடு நடக்க வாய்ப்பு அதிகம். பிஎச்பியின் இன்டர்பிரெட்டர் ஜிசிசியில் இரண்டு ரெஜிஸ்டர்களைக் குளோபல் மாறியாகவே பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பிடி அந்த ஒரு கோப்புக்குள்தான், வேறு கோப்பின் ஃபங்ஷனுக்கு அது தெரியாது. வரப்பு போனால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள். அதனால்தான் எல்டிஓவோடு கட்டும்போது 'டிசேபிள் ஜிசிசி குளோபல் ரெக்ஸ்' என்ற விருப்பத்தையும் சேர்ப்பார்கள். கொஞ்சம் வேகம் போகும், போகட்டும்.

அசெம்பிளியைப் பற்றி: கோப்பின் மேல் மட்டத்தில் அசெம்பிளி எழுதி, அதிலிருந்து ஒரு சி ஃபங்ஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கம்பைலருக்கு அந்த அசெம்பிளி வெறும் எழுத்துதான், உள்ளே படிக்காது. "இந்த ஃபங்ஷனை யாரும் கூப்பிடவில்லையே" என்று தூக்கிப் போட்டுவிடும், அல்லது இரண்டும் வேறு வேறு துண்டில் போய்விடும். எரரில் கோப்பின் பெயரில் 'எல்டிரான்ஸ்' என்று இருந்தால் இந்தச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். அசெம்பிளியைத் தனி டாட் எஸ் கோப்பாக எடுத்து வை, அதுதான் சுத்தம். முடியாவிட்டால் ஃபங்ஷனுக்கு யூஸ்டு அட்ரிபியூட் போட்டு, அந்த ஒரு கோப்புக்கு நோ எல்டிஓ கொடு. அப்புறம் சிம்வெர் என்ற சிம்பல் பதிப்பு வேலையை அசெம்பிளியில் செய்கிற லைப்ரரிகளுக்கும் இதே கதை, அதற்கு ஜிசிசி 10இல் தனி அட்ரிபியூட்டே கொடுத்துவிட்டார்கள்.

இப்போது உன் எக்ஸ்டென்ஷன். பைதான் எல்டிஓவோடு, எக்ஸ்டென்ஷன் எல்டிஓ இல்லாமல் என்று ஒரு முறை கட்டு. அப்புறம் தலைகீழாக ஒரு முறை. முதலாவது ஓடி இரண்டாவது விழுந்தால் கோளாறு உன் கோப்புகளுக்குள்தான் இருக்கிறது, பைதானைத் திட்டாதே. நான் முதலில் பார்க்கச் சொல்வது வார்னிங்குகளை. எல்டிஓவில் ஜிசிசி கேட்காமலேயே "இந்தச் சிம்பலின் வகை அதன் முதல் அறிவிப்போடு பொருந்தவில்லை" என்று சொல்லும். ஒரு கோப்பில் லாங் என்று வைத்துவிட்டு மற்றொரு கோப்பில் ஹெட்டரைச் சேர்க்காமல் கையால் எக்ஸ்டெர்ன் இன்ட் என்று எழுதியிருப்பாய். தனித்தனி வயலாக இருந்தபோது யாருக்கும் தெரியவில்லை. இந்த வார்னிங்கை எரராக மாற்றிவிட்டுக் கட்டு, எல்டிஓ செய்கிற இலவச உதவி இது, என்னைக் கேட்டால் வேகத்தைவிட இதற்காகவே வாரம் ஒரு முறை எல்டிஓ பில்டு போடலாம்.

அடுத்தது ஸ்ட்ரிக்ட் ஏலியாசிங். ஒரே நினைவகத்தை ஒரு வகை ஸ்ட்ரக்ட்டாக எழுதி வேறு வகையாகப் படிப்பது சி விதிப்படி தப்பு. பைதான் 2 காலத்தில் ஆப்ஜெக்ட் ஹெட்டர் அப்படித்தான் இருந்தது, அதனால் ஏலியாசிங்கை அணைத்துவிட்டுத்தான் கட்டுவார்கள். பெப் 3123 என்ற முன்மொழிவின்படி பைதான் 3இல் ஹெட்டரைத் திருத்தினார்கள். பழைய எக்ஸ்டென்ஷனிலிருந்து ஸ்ட்ரக்ட்டைக் காப்பி அடித்திருந்தால் அந்தப் பழைய தப்பு உன்னோடு வந்திருக்கும். நோ ஸ்ட்ரிக்ட் ஏலியாசிங் கொடுத்துக் கட்டிப் பார், கம்பைலிலும் கொடு லிங்க்கிலும் கொடு. க்ராஷ் நின்றால் வைத்தியம் முடிந்தது என்று அர்த்தமில்லை, எந்தப் பக்கம் வலிக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். வகையை மாற்றுகிற அந்த கேஸ்டைத் தேடிப் பிடித்து மெம்காப்பியாக மாற்று.

இதிலும் கிடைக்கவில்லை என்றால் எல்டிஓவை மறந்துவிட்டு, சாதாரண பில்டில் அட்ரஸ் சானிடைசரும் அன்டிஃபைன்டு சானிடைசரும் (ஓடும்போதே இப்படிப்பட்ட தப்புகளைப் பிடிக்கும் சோதனைகள்) போட்டு ஓட்டு. அப்போது பைதான்மேலாக் என்ற சூழல் மாறியை மேலாக் என்று வைக்க மறக்காதே (3.6இலிருந்து இருக்கிறது), இல்லாவிட்டால் பைதானின் சொந்த நினைவகப் பகிர்வான் நடுவில் உட்கார்ந்துகொண்டு சானிடைசரின் கண்ணை மறைக்கும். எல்டிஓவில் மட்டும் தெரிகிற க்ராஷ்களில் பலவும் எப்போதும் இருந்தவைதான், ரெஃபரன்ஸ் எண்ணிக்கையில் தப்பு, மெத் நோஆர்க்ஸ் ஃபங்ஷனை ஒரே ஆர்க்யுமென்ட்டோடு எழுதுவது இப்படி.

இவ்வளவு பட்டும் வேகம் வரவில்லை என்று ஒருவேளை சொல்வாய். எனேபிள் ஷேர்டு (லிப்பைதானை ஷேர்டு லைப்ரரியாகக் கட்டும் விருப்பம்) போட்டிருக்கிறாயா பார். ஷேர்டு லைப்ரரியில் வெளியே தெரிகிற ஃபங்ஷனை வேறொருவர் ஓடும் நேரத்தில் மாற்றிப் போடலாம் என்று ஜிசிசி பயந்து இன்லைன் செய்யாமல் விட்டுவிடும், எல்டிஓ இருந்தும் கை கட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு நோ செமான்டிக் இன்டர்பொசிஷன் என்ற ஃபிளாக். பைதான் 3.10இலிருந்து எனேபிள் ஆப்டிமைசேஷன்ஸ் கொடுத்தால் அது தானாகச் சேரும், ஷேர்டு பில்டில் 30 சதவீதம்வரை வேகம் கூடியதாக வெளியீட்டுக் குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். அளக்கும்போது கவனமாக இரு. பைதான் 3.14இன் புது இன்டர்பிரெட்டரை முதலில் அளந்தபோது பெரிய லாபம் தெரிந்தது. பிறகு பார்த்தால், ஒப்பிட்ட பழைய இன்டர்பிரெட்டரை எல்எல்விஎம் 19இல் இருந்த ஒரு கோளாறு மெதுவாக்கியிருந்தது. திருத்தி அளந்ததில் சராசரியாக 3 முதல் 5 சதவீதம்தான் வந்தது. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே இப்படி, நாம் டைம் கமாண்டை ஒரு தடவை ஓட்டிவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. பைதானின் வேகத்தை அளக்கும் பைபெர்ஃபார்மன்ஸ் ஓட்டு, லேப்டாப்பை சார்ஜரில் போட்டு, பிரவுசரை மூடிவிட்டு.

சரி, இன்றைக்குச் செய்ய வேண்டியது. டிஸ்ட்கிளீன். சிஃபிளாக்ஸ் மாறியைக் காலி செய். ஜிசிசி-ஏஆர் குடும்பத்தைக் கொடுத்து, வித் எல்டிஓ மட்டும் போட்டுக் கான்ஃபிகர். ஸ்வாப் போட்டுவிட்டு மேக், ஜே 2 (ஒரே நேரத்தில் இரண்டு வேலை) போதும். மேக் டெஸ்ட் ஓட்டு. எல்டிஓ இல்லாமல் இன்னொரு டைரக்டரியில் கட்டி அதிலும் டெஸ்ட் ஓட்டு, இரண்டிலும் விழுகிற டெஸ்ட் உன் மெஷினின் கோளாறு, அதைப் பற்றிக் கவலைப்படாதே. எல்டிஓவில் மட்டும் விழுகிறது என்றால் அதன் பெயர், ஜிசிசி பதிப்பு, கான்ஃபிகருக்குக் கொடுத்த முழு வரி, லாகில் முதல் எரருக்கு முன்னும் பின்னும் இருபது வரி, இத்தனையும் எனக்கு அனுப்பு. எழுத்தாக அனுப்பு தம்பி, மொபைலில் ஸ்கிரீனைப் படம் பிடித்து அனுப்பாதே.